கேம்பர் வானின் பைபர் கூரை: மாரிக்கு முன் கழுவுவதா, ஒழுக்கை அடைப்பதா?

கல்லடிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் ஒரு பழைய ஹையேஸ் கேம்பர் வான் இருக்கிறது. ஜப்பானிலேயே படுக்கை, சிங்க், அலுமாரி எல்லாம் பூட்டி, தகரக் கூரையை வெட்டி எடுத்துவிட்டு மேலே உயரமான பைபர் கூரை வைத்து வந்தது. சித்திரையில் இருந்து புரட்டாதி வரை அறுகம்பையில் சர்பிங் வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுப்போம். மற்ற மாதங்களில் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவுக்குள் நிற்கும். வளவில் இருந்து கடல் கூப்பிடு தூரம்தான்.

சீசன் முடிந்து வான் வந்த பிறகு ஏணி வைத்து மேலே பார்த்தேன். வெள்ளையாக இருந்த கூரை சாம்பல் நிறமாகிவிட்டது. தடவினால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. பக்கங்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள், பின்மூலையில் பச்சைப் பாசி. நடுவில் காற்றுப்போக்கி மூடி இருக்கிறது. அதைச் சுற்றி முன்பு ஒரு கராஜில் பூசிய சிலிக்கன் ஓரங்களில் கிளம்பி நிற்கிறது. அதற்குப் பின்னால் இரண்டு சோலார் தகடு. இவ்வளவும் பரவாயில்லை. உள்ளே, படுக்கைக்கு நேர் மேலே சீலிங்கில் உள்ளங்கை அளவு மண்ணிறக் கறை வந்திருக்கிறது. கடைசியாகப் பெய்த மழைக்குப் பிறகுதான் கண்டோம்.

பக்கத்து வீட்டு அண்ணன் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் கறுப்பெல்லாம் போகும் என்கிறார். கராஜில், பழைய சிலிக்கனுக்கு மேலே இன்னொரு தரம் தாராளமாக இழுத்துவிடச் சொல்கிறார்கள். அப்பா தறப்பாள் போட்டு இறுக்கிக் கட்டினால் எல்லாம் சரி என்கிறார். யூடியூபில் ஒருவர் பெயின்ட் மாதிரி வெள்ளை ரப்பர் பூசுகிறார். கார்த்திகை பிறந்தால் வெயில் பார்க்க முடியாது, அதற்குள் முடிக்க வேண்டும். எதை முதலில் செய்வது? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று ஓட்டுநர் எழுதியது:

நான் சுற்றுலா வான் ஓட்டுகிறவன், பைபர் வேலை தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சேர்விஸ் ஸ்டேஷனில் விட்டு ‘மேலேயும் அடித்து விடுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் வேகத்தில் மூடி ஓரம், கண்ணாடி ரப்பர், எல்லா இடுக்கிலும் உள்ளே போகும். கிளம்பி நிற்கிற சிலிக்கனுக்குக் கீழே அடித்தால் இன்னும் நல்லாக் கிளப்பிவிடும். கீழ்ப்பக்கம் அடிக்கட்டும், சேறும் உப்பும் போகும். கூரையைக் கையால் கழுவுங்கள்.

ஓட்டமாவடி பைபர் எழுதியது:

தங்கச்சி, பைபர் வள்ளம் செய்வதும் திருத்துவதும்தான் என் தொழில், வாழைச்சேனைத் துறைமுகத்துப் பக்கம். உங்கள் வான் கூரையும் எங்கள் வள்ளமும் ஒரே சாமான்தான்: ரெசினில் ஊறிய கண்ணாடி நார், அதற்கு மேல் நிறமும் பளபளப்பும் தருகிற ஜெல் கோட். அந்த ஜெல் கோட் அரை மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். வெயில் அதன் மேற்பரப்பைத் தின்னத் தின்ன அது தூளாக உதிரும். உங்கள் விரலில் ஒட்டியது அதுதான். அந்தத் தூளும் ரோட்டுப் புழுதியும் மழையோடு சேர்ந்து வழிந்ததுதான் பக்கத்துக் கறுப்புக் கோடு. கூரையைச் சுத்தமாக வைத்தால் கோடு தானாகக் குறையும்.

இந்த வேலையில் சாமானைவிட வரிசை முக்கியம். பலர் கழுவி, பொலிஷ் போட்டு, மினுக்கி முடித்த பிறகு ஒழுக்கை அடைக்கப் போவார்கள். மெழுகு ஏறிய இடத்தில் ஒழுக்கை அடைக்கிற எந்தச் சீலரும் பிடிக்காது. அடுத்த மழைக்கு அது தோலாக உரிந்து வரும். ஆகவே முதலில் மெல்லக் கழுவுங்கள், பிறகு ஒழுக்கைக் கண்டுபிடியுங்கள், பழைய சிலிக்கனை எடுத்துப் புதிதாக அடையுங்கள், மினுக்கலும் மெழுகும் கடைசியில். இதை மாற்றவே கூடாது.

மண்ணெண்ணெய் வேண்டாம். ஜெல் கோட்டை அது கரைக்காது, உண்மை. ஆனால் எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுவிட்டுப் போகும். அதில் சீலரும் ஒட்டாது, மெழுகும் ஒட்டாது, கடற்கரைப் புழுதி மட்டும் நன்றாக ஒட்டும். மூடியின் ரப்பரில் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

கழுவப் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் தண்ணீர் போதும், ஒரு வாளிக்கு ஒரு சிறங்கை. மென்மையான பிரஷ் நீளத் தடியில் கட்டி, ஏணியில் நின்று பக்கத்தில் இருந்தே தேயுங்கள். தும்புத்தடி கீறும். கூரைமேல் ஏறி நடக்க வேண்டாம். இந்தக் கூரைகள் மெல்லியவை, மிதித்தால் வளையும், வளைந்த இடத்தில் ஜெல் கோட் மயிரிழையாக வெடிக்கும், அந்த வெடிப்பால் தண்ணீர் போகும். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு நல்ல பலகையைக் குறுக்கே போட்டு, கீழே பழைய மெத்தைத் துண்டு வைத்து, முழங்காலில் நின்று வேலை செய்யுங்கள்.

கல்லடியில் கிணற்றுத் தண்ணீர் பல வளவுகளில் சவர், உப்புக் கரிக்கும். கடைசியாக அலசுவது உன்னிச்சைக் குளத்தில் இருந்து வருகிற குழாய்த் தண்ணீராக இருக்கட்டும். சவர்த் தண்ணீர் காய்ந்தால் சோலார் கண்ணாடியில் வெள்ளைப் படை கட்டும், பிறகு அதைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. பாசிக்கு க்ளோரக்ஸ் (துணி வெளுக்கிற பிளீச்) ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. துணியால் நனைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, காய முன் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். கையுறை போடுங்கள். கக்கூஸ் கழுவுகிற அமிலம் எதையும் அதோடு கலக்கவே கூடாது, வருகிற வாயு நெஞ்சை அடைக்கும்.

கழுவும்போது கையாலும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விரலுக்குத் தெரியும். எங்கேயாவது நார் வெளியே தெரிந்தால், ஜெல் கோட் முழுக்கத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது மெழுகால் தீராது. புது ஜெல் கோட் போட வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ரெசினுக்கு நூற்றுக்கு ஒன்று இரண்டு வீதம் விடுகிற, அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.

இனி ஒழுக்கு. கறை இருக்கிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பைபருக்கும் சீலிங்குக்கும் இடையே தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடி, எங்கே தடைப்படுகிறதோ அங்கேதான் சொட்டும். வான் வளவில் எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது என்று முதலில் பாருங்கள். கறையில் இருந்து மேட்டுப் பக்கமாகத் தேட வேண்டும். ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருக்கட்டும். வெளியே இருப்பவர் ஹோஸ் பைப்பைக் கீழே இருந்து மேலே கொண்டு போக வேண்டும்: முதலில் பைபரும் தகரமும் சேர்கிற பீலி ஓரம், பிறகு சோலார் பூட்டிய இடங்கள், கடைசியில் மூடி. ஒவ்வொரு இடத்திலும் பொறுமையாகக் கொஞ்ச நேரம் விடுங்கள். மேலே இருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், எது ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

சிலிக்கனுக்கு மேல் சிலிக்கன் பூசுவது எனக்குக் கோபம் வருகிற விடயம். காய்ந்த சிலிக்கனில் புது சிலிக்கன் பிடிக்காது. பெயின்ட், ரெசின் எதுவும் பிடிக்காது. மேலே பார்த்தால் தடிப்பாக, பத்திரமாகத் தெரியும். கீழே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். மலிவுச் சிலிக்கன் காயும்போது வினாகிரி மணம் வரும், அதில் வருகிற அமிலம் ஆணிகளைக் கறள் பிடிக்க வைக்கும். பழையதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் துண்டு அல்லது சீவிய மூங்கில். எடுத்த பிறகு பைபரை மட்டும் அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். மூடியில் அசிட்டோன் பட்டால் அது வெளிறி வெடிக்கும்.

மறுகா (பிறகு), மூடியின் சட்டத்துக்குக் கீழே பியூட்டைல் நாடா, அதாவது ஒட்டிப்பிடிக்கிற மெது ரப்பர் நாடா, வைத்து இறுக்குங்கள். அது காயாது, இழுபடும். பைபரும் தகரமும் சேர்கிற மூட்டுக்கு வள்ளத்துக்குப் பாவிக்கிற பொலியூரித்தேன் சீலர். டியூபில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். அந்த வகையில் சில பிளாஸ்டிக்கோடு சேராது, மூடியை வெடிக்க வைக்கும். அந்த மூட்டை ரெசின் வைத்துக் கட்டிவிடுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் கூரை கை வைக்க முடியாமல் கொதிக்கும், இரவில் ஆறும். தகரம் விரிகிற அளவு வேறு, பைபர் விரிகிற அளவு வேறு. அங்கே இறுகிப்போகிற சாமான் வைத்தால் ஒரு வருடம் தாங்காது. இழுபடுகிற சாமான்தான் வேண்டும்.

நேரமும் முக்கியம். கச்சானில் கூரைச் சூட்டில் சவர்க்காரம் அலசுமுன் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். மாரியில் காய விடாது. இடையில் கிடைக்கிற இந்த ஐப்பசிதான் உங்களுக்குத் தோது. மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை வரலாம், ஆகவே விடியவே தொடங்குங்கள். மேற்பரப்பு மட்டும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். காற்றில் ஈரம் இருப்பது பொலியூரித்தேனுக்கு நல்லது, அந்த ஈரத்தில்தான் அது இறுகும்.

சீலர் நன்றாகக் காய்ந்த பிறகு, நிழலில், கை எட்டும் அளவுக்கு ஒவ்வொரு பகுதியாகக் கொம்பவுண்ட் (தேய்த்து மினுக்குகிற பசை) போட்டுத் தூளை எடுத்து, மெழுகு பூசுங்கள். மெழுகு வருடத்துக்கு இரண்டு தரம், மாரிக்கு முன்னும் சீசனுக்கு முன்னும். கொம்பவுண்ட் அப்படியல்ல. அது ஒவ்வொரு தரமும் ஜெல் கோட்டைக் கொஞ்சம் தேய்க்கிறது, தூள் வந்தால் மட்டும் போடுங்கள்.

அப்பாவிடம் பணிவாகச் சொல்லுங்கள், தறப்பாள் கூரையில் படக்கூடாது. வாடைக்காற்றில் அது நாள் முழுக்க அடித்து அடித்து ஜெல் கோட்டைத் தேய்க்கும், கீழே ஈரம் கட்டிப் பாசி பிடிக்கும். நாலு கம்பு நட்டு ஒரு கொட்டில் போட்டால் போதும்.

களுதாவளை டொரன்டோ எழுதியது:

ஓட்டமாவடிக் காக்கா (அண்ணன்) சொன்ன வரிசை இங்கேயும் அப்படியேதான். யூடியூப் விடயத்தை மட்டும் தெளிவாக்குகிறேன், ஏனென்றால் என்னிடம் இழுத்துச் செல்கிற டிரெய்லர் வீடு ஒன்று இருக்கிறது, அதன் கூரை ரப்பர். வட அமெரிக்க வண்டிகளில் நிறைய ஈபிடிஎம் என்கிற ரப்பர் விரிப்பைப் பலகைக்கு மேல் ஒட்டியிருப்பார்கள். டிபிஓ என்று இன்னொரு வகையும் உண்டு. தங்கை பார்த்த வீடியோ பெரும்பாலும் அந்தக் கூரைக்கானது. தட்டிப் பார்த்தால் தெரியும்: ரப்பர் மெத்தென்று இருக்கும், பைபர் கண கண என்று சத்தம் தரும்.

ரப்பர் கூரைக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், தோடம்பழ எண்ணெய் சேர்ந்த கிளீனர் எல்லாம் விஷம். ரப்பர் ஊதிப் பலகையில் இருந்து கழன்று வரும். அங்கே பூசுகிற வெள்ளைப் பூச்சு உங்கள் பைபருக்குத் தேவையே இல்லை. பூசினால் பிறகு வெடிப்பைக்கூடக் காண முடியாது. அதேபோல மூடியைச் சுற்றி ஊற்றுகிற, தானாகப் பரவி மட்டமாகும் சீலர் ஒன்று இருக்கிறது. யாராவது அங்கிருந்து கொண்டு வந்து தந்தால் மட்டமான இடத்துக்கு மட்டும் பாவியுங்கள். சரிவில் வழிந்து ஓடிவிடும்.

ஹோஸ் பைப்பில் ஒழுக்குப் பிடிபடவில்லை என்றால் இங்கே செய்கிற ஒரு முறை: ஜன்னல் கதவு எல்லாம் அடைத்து, ஒரு இடத்தால் மட்டும் ஊதுமெஷினால் உள்ளே காற்றைத் தள்ளுவார்கள். கூரை மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். சைக்கிள் டியூப்பில் ஒட்டுப் பார்ப்பது போலத்தான்.

இன்னொன்று, அது ஒழுக்குத்தானா என்றும் பாருங்கள். வாடகைக்கு எடுக்கிறவர்கள் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே சமைத்தால் அந்த ஆவி குளிர்ந்த கூரையில் வியர்த்துச் சொட்டும். மழை பெய்யாத விடியலிலும் சீலிங் ஈரமாக இருந்தால் அது வியர்வை, அதற்கு மருந்து காற்றோட்டம்.

பொத்துவில் வாசி எழுதியது:

அறுகம்பையில் நிறுத்துகிற இடத்தையும் கவனியுங்கள் அக்கா. நிழல் என்று தென்னைக்குக் கீழே விடுவார்கள், ஒரு தேங்காய் விழுந்தால் மூடியும் சோலாரும் போச்சு. லகுகல பக்கம் போனால் குரங்கு கூரையில் குதிக்கும், மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் உள்ளேயும் வரும். சவுக்கு மரத்தின் கீழே விட்டால் அந்த ஊசி இலை பீலியை அடைத்துத் தண்ணீரைத் தேக்கும். காக்கை எச்சம் பட்டால் அன்றைக்கே நனைத்துத் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் ஜெல் கோட்டில் தழும்பு விழும், சோலாரில் அந்த இடம் மட்டும் சூடேறிப் பழுதாகும். வாடகைக்குக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கல்லடிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. காக்கா சொன்னபடி கழுவி, தண்ணீர் விட்டுப் பார்த்தோம். தம்பி உள்ளே டோர்ச்சோடு இருந்தான். பீலி ஓரத்தில் ஒன்றும் இல்லை. பின்பக்கம் இடது சோலார் தகட்டின் கால் பூட்டிய இடத்தில் தண்ணீர் விட்டதும் சீலிங்குக்குள் சத்தம் கேட்டது, கொஞ்சத்தில் அதே கறையில் ஈரம் வந்தது. வான் முன்பக்கம் சரிந்து நிற்பதால் பின்னால் நுழைந்த தண்ணீர் படுக்கை வரை ஓடியிருக்கிறது! மூடியின் சிலிக்கனைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டோம்.

அந்தக் காலில் நாலு ஸ்க்ரூவும் கறள். ஒன்று சுற்றச் சுற்ற இறுகாமல் சும்மா சுற்றுகிறது. அதே துளையில் பெரிய ஸ்க்ரூ அடித்தால் சரியா? மூடியும் மஞ்சளாகி ஒரு மூலையில் வெடித்திருக்கிறது, இந்த மாரிக்குத் தாங்குமா? அப்பா கொட்டிலுக்கு ஓம் என்றுவிட்டார், கிடுகுக்கும் சொல்லியாகிவிட்டது.

ஓட்டமாவடி பைபர் எழுதியது:

நல்ல வேலை செய்தீர்கள். பெரிய ஸ்க்ரூ வேண்டாம். சும்மா சுற்றுகிறது என்றால் கீழே ஸ்க்ரூ பிடிக்க வைத்திருந்த பலகைத் துண்டு உக்கியிருக்கலாம். தகட்டின் காலைக் கழற்றி, துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால், கறுப்பாக ஈரத்தூள் ஒட்டி வந்தால், அந்தப் பலகையை மாற்ற வேண்டும். அதற்கு உள்ளே சீலிங்கை அந்த இடத்தில் கழற்றுவது நல்லது. வெளியே கூரையை வெட்டாதீர்கள். பலகை உறுதியாக இருந்தால், உள்ளே ஃபேனைப் போட்டு முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மேலே அடைப்பது ஒழுக விடுவதைவிட மோசம். அது வெளியே தெரியாமல் உக்கும்.

பூட்டும்போது ஸ்க்ரூவுக்குப் பதிலாக உள்ளே வரை போகிற நட்டும் போல்ட்டும் போடுங்கள், கடலுக்குப் பாவிக்கிற 316 ஸ்டெயின்லெஸ். உள்பக்கம் பெரிய வாஷர் வையுங்கள், பாரம் ஒரு புள்ளியில் நிற்காது. சோலாரின் கால் அலுமினியம் என்றால் போல்ட்டுக்கும் அதற்கும் இடையில் நைலோன் வாஷர் வேண்டும். உப்புக்காற்றில் இரண்டு உலோகம் நேரே தொட்டால் அலுமினியம் பொரிந்து வெள்ளையாகப் பூக்கும். காலுக்குக் கீழே பியூட்டைல், போல்ட் தலையைச் சுற்றிப் பொலியூரித்தேன். ஒன்று போனது என்றால் மற்றக் கால்களும் அதே கையால், அதே ஸ்க்ரூவால் பூட்டியவைதான். எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டுங்கள். தகடுகளை முதலில் வெளிச்சம் புகாத ஒரு துணியால் மூடி, பிறகு வயரைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள், வெயிலில் அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும்.

மூடி வெயிலில் மொறுமொறுத்துவிட்டது, ஒட்டித் திருத்துவது வீண். புதிதாக மாற்றுங்கள். வெளிநாட்டு கேம்பர்களில் பெரும்பாலும் 14 அங்குலச் சதுரத் துளை, ஆனால் ஜப்பான் வானில் அளவு வேறாக இருக்கலாம், அளக்காமல் ஓடர் கொடுக்காதீர்கள். உள்ளே இருந்து துளையின் நீளம் அகலத்தையும், சீலிங்கில் இருந்து கூரை வரைக்கும் உள்ள தடிப்பையும் அளந்து இங்கே போடுங்கள், பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன். புது மூடி வருமட்டும் வெடிப்பின் மேல் பியூட்டைல் நாடாவை அழுத்தி ஒட்டிவிடுங்கள். துணி டேப் வேண்டாம், வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும்.